செயலியில் நிறம் இல்லாவிட்டால் பறக்கலாமா? வன்னியில் புதிதாக ட்ரோன் வாங்கியவர்களுக்கு

வெளிநாட்டில் இருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த பெட்டியைப் பிரித்து, பற்றரியைச் சார்ஜில் போட்டுவிட்டு, அடுத்த நாள் விடியவே குளக்கட்டுக்குப் போய் ட்ரோனை ஏற்றிவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று கலியாண வீடுகளுக்கும் சாமத்தியவீடுகளுக்கும் நான் படமெடுக்கப் போகும் இடங்களில் புதிதாக ட்ரோன் வாங்கிய யாராவது ஒருவர் கட்டாயம் பக்கத்தில் வந்து நிற்பார். "அண்ணை, இஞ்ச பறக்க விடலாமோ?" என்பது முதல் கேள்வி. "அப்பில ஒரு கலரும் காட்டேல்லை, அப்ப பிரச்சினை இல்லைத்தானே?" என்பது இரண்டாவது.

அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். ட்ரோனை ஓட்டுகிற செயலியின் வரைபடத்தில் தடையுள்ள இடங்கள் நிறமாகத் தெரியும், கலர் என்று அவர்கள் சொல்வது அதைத்தான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு குளக்கட்டில் மாப்பிள்ளை பொம்பிளையை நடக்க விட்டு மேலே இருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். செயலியின் வரைபடத்தில் சுற்றிவரப் பல கிலோமீற்றருக்கு ஒரு நிறமும் இல்லை. ட்ரோன் எழும்பிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். மரங்களுக்குப் பின்னால், அரைக் கிலோமீற்றர்கூட இல்லாத தூரத்தில், ஒரு முகாம் இருந்திருக்கிறது. என்னிடம் ட்ரோனுக்குப் பதிவு இருந்தது, அந்த இடத்துக்கான அனுமதி இல்லை. பின்னேரம் முழுக்க விளக்கம் சொல்லி, எடுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி, பொழுதுபட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தோம். அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளை கூறைச் சேலையோடு ஒரு வாங்கில் இருந்தாள். பிழை முழுக்க என்னுடையது. செயலி சொல்லாததை நான் விசாரித்திருக்க வேண்டும்.

அந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன

ட்ரோனுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. விமான நிலையங்கள், சிறைகள், அணு உலைகள் என்று இடங்களும் அவற்றின் எல்லைகளும் அதில் பதிந்திருக்கும். ட்ரோன் செய்மதிகளை வைத்துத் தான் எங்கே நிற்கிறது என்று கணித்து, அந்தப் பட்டியலோடு ஒப்பிடும். உள்ளே நின்றால் மோட்டார் சுற்றாது. வெளியில் இருந்து வந்தால் எல்லையில் சுவரில் முட்டினது போல நின்றுவிடும். செய்மதி கிடைக்காமல் தெரியாத்தனமாக உள்ளே போய், பிறகு கிடைத்தால், எச்சரித்துவிட்டுத் தானாக இறங்கத் தொடங்கும். ஜியோஃபென்ஸ் என்று சொல்வது இதைத்தான். நிலத்தில் இல்லாமல் மென்பொருளில் போட்ட வேலி.

2013 இல் டிஜேஐ என்ற சீன நிறுவனத்தின் ஃபான்டம் ட்ரோன் சந்தைக்கு வந்தபோது அப்படி ஒன்றும் இருக்கவில்லை. 2014 இல்தான் டிஜேஐ நிறுவனம் விமான நிலையங்களைச் சுற்றி வட்டம் போட்டது. பெரிய விமான நிலையம் என்றால் 2.4 கிலோமீற்றருக்குள் எழும்பவே முடியாது, அங்கிருந்து 8 கிலோமீற்றர் வரை உயரம் 10 மீற்றரில் தொடங்கி 120 மீற்றருக்குச் சாய்வாகக் கூடிக்கொண்டு போகும். 2015 ஜனவரி 26 ஆம் திகதி விடியற்புறம் வெள்ளை மாளிகை முற்றத்தில் ஒரு ஃபான்டம் விழுந்தது. சில நாட்களுக்குள் வாஷிங்டனைச் சுற்றி 25 கிலோமீற்றர் ஆரைக்கு வேலி போடும் மென்பொருளை அறிவித்தார்கள். அதே வருடம் ஏப்ரலில் ஜப்பான் பிரதமர் அலுவலகத்தின் கூரையில் கதிரியக்க மண்ணோடு ஒரு ட்ரோன் கண்டெடுக்கப்பட்டது. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் வேலி இன்னும் கொஞ்சம் இறுகியது.

ஆனால் வட்டம் என்பது மொட்டையான வேலி. விமானம் ஓடுபாதையின் இரண்டு முனைகளாலும்தான் ஏறி இறங்குகிறது. பக்கவாட்டில் இருக்கிற வயல்காரனுக்கு அந்த வட்டம் தேவையில்லாத தடை, முனைக்கு நேரே தூரத்தில் இருக்கிற ஊருக்கோ அது போதாது. 2018 இறுதியில் இருந்து இதை மாற்றத் தொடங்கினார்கள். ஓடுபாதையைச் சுற்றியும் அதன் இரண்டு முனைகளில் விமானம் ஏறி இறங்கும் வழியிலும் 1.2 கிலோமீற்றர் அகலத்துக்குக் கடுமையான தடை, பக்கங்களில் தளர்வான தடை. சிவப்பு என்றால் பறக்கவே முடியாது, நீலம் என்றால் உங்கள் கணக்கை உறுதிப்படுத்திவிட்டுத் திறக்கலாம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை மட்டும், சாம்பல் என்றால் உயர வரம்பு.

பிறகு நடந்தது பலருக்கு இன்னும் தெரியாது. வேலியைப் போட்டவர்களே அதைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். 2024 இல் ஐரோப்பாவில் தொடங்கி, 2025 ஜனவரி 13 ஆம் திகதி அமெரிக்காவிலும் தடுக்கும் வேலியை எடுத்துவிட்டு, அரசாங்கத்தின் வான்வெளித் தரவைக் காட்டி எச்சரிப்பதோடு டிஜேஐ நின்றுகொண்டது. எச்சரிக்கையைத் தட்டிவிட்டால் ட்ரோன் பறக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பெரும்பாலும் ட்ரோன் தன் ஆளுக்கு அறிவிக்க வேண்டும் என்றுதான் கேட்கின்றன, தடுத்து நிறுத்த வேண்டும் என்று அல்ல. நிறுவனம் சொல்லும் காரணத்தில் நியாயம் இருக்கிறது. அனுமதி வாங்கிய தீயணைப்புக்காரரும் பொலிஸாரும்கூட நடுச்சாமத்தில் வேலியைத் திறக்கச் சொல்லிக் காத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஆனாலும் புதிதாக வருகிறவர்களை நினைத்தால் எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த அறிவிப்புக்கு நான்கு நாட்களுக்கு முன்னர்தான், ஜனவரி 9 ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலஸில் காட்டுத் தீயை அணைத்துக்கொண்டிருந்த தண்ணீர் விமானத்தின் இறக்கையில் ஒரு சிறிய ட்ரோன் ஓட்டை போட்டது. தீயைப் பார்க்க ஆசைப்பட்ட ஒருவர் வாகனத் தரிப்பிடக் கட்டடத்தின் மேல்தட்டில் நின்று, இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேல் விட்டு, கண்ணில் இருந்து தவற விட்டிருந்தார். தீ எரிந்துகொண்டிருந்த நாட்களில் அந்த விமானம் திருத்த வேலைக்காக நிலத்தில் நின்றது.

செயலியை நம்பியவருக்கு நடந்தது

புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்லுகிற சம்பவம் ஒன்று இருக்கிறது. 2017 செப்டெம்பர் 21, பின்னேரம் 7.20 மணியளவில், நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவுக்குப் பக்கத்தில் அமெரிக்க இராணுவத்தின் பிளாக்ஹோக் ஹெலிகொப்டரில் ஒரு ஃபான்டம் 4 மோதியது. ஏறத்தாழ 300 அடி உயரம். ட்ரோனை விட்டவர் 4 கிலோமீற்றர் தள்ளி நின்றார். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கூடியிருந்த நாட்கள் என்பதால் அந்தப் பகுதிக்குத் தற்காலிகத் தடை போட்டிருந்தார்கள். அவருக்கு அது தெரியாது. தடை இருந்தால் செயலி சொல்லும் என்று இருந்தார். செயலியில் தற்காலிகத் தடைகளைக் காட்டும் பகுதி அந்த நாட்களில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, அவருடைய டப்லட்டில் இணைய இணைப்பும் இருக்கவில்லை. ட்ரோன் திரும்பி வராததும், கோளாறாகித் தண்ணீரில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஹெலிகொப்டருக்குள் சிக்கியிருந்த ஒரு மோட்டாரின் இலக்கத்தை வைத்து விசாரணையாளர்கள் தேடிப்பிடித்துத் தொடர்புகொண்டபோதுதான் மோதியது அவருக்குத் தெரியவந்தது. சுழலித் தகட்டில் ஒன்றரை அங்குலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

இத்தனைக்கும் அது உலகத்திலேயே மிக நுணுக்கமாக வரைபடம் போடப்பட்ட வான்வெளிகளில் ஒன்று. வன்னியின் வான்வெளியைப் பற்றி அந்த நிறுவனத்தின் பட்டியலுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? பலாலி 2019 ஒக்டோபர் 17 இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது, அதைப் போன்ற இடங்கள் பட்டியலில் வரும். காட்டுக்குள் இருக்கிற காவலரண் வராது. கண்ணிவெடி அகற்றுகிற காணி வராது. பறவைகள் சரணாலயம் வருமென்று நம்பிக்கொண்டு இருக்க முடியாது. வெற்று வரைபடம் என்றால் அந்தப் பட்டியலில் அந்த இடம் இல்லை என்பது மட்டும்தான் அர்த்தம். அப்புறம், துண்டு துண்டாக வாங்கிச் சொந்தமாகப் பொருத்துகிற எஃப்பிவி ட்ரோன்களுக்கு (கண்ணாடி மாட்டி ட்ரோனின் கமெரா வழியாகப் பார்த்து ஓட்டுபவை) அந்தப் பட்டியலும் கிடையாது.

முதல் வேலை: நிறையும் பதிவும்

சரி, பெட்டியைப் பிரித்தாயிற்று. முதலில் பற்றரியோடு சேர்த்துத் தராசில் வையுங்கள். பெட்டியில் 249 கிராம் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு "இதுக்குப் பதிவு தேவையில்லையாம்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அது அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் 250 கிராமில் கோடு போட்டிருப்பதால் வந்த கதை. இலங்கையில் பிரிவுகள் வேறு. 200 கிராமுக்கு உட்பட்டவை, 200 கிராமில் இருந்து 1 கிலோ வரை, 1 கிலோவில் இருந்து 25 கிலோ வரை, அதற்கு மேல் என்று நான்கு. ஆகவே அந்த 249 கிராம் ட்ரோன் இங்கே விளையாட்டுச் சாமான் பிரிவுக்குள் வராது. வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் வைத்திருக்கும் கமக்காரர்கள் தாங்கியை நிரப்பிய நிறையைத்தான் பார்க்க வேண்டும், பெரியவை 25 கிலோவைச் சுலபமாகத் தாண்டும்.

யூடியூப்பில் தமிழில் கிடைக்கும் ட்ரோன் பாடங்களில் மிகுதி தமிழ்நாட்டில் இருந்து வருபவை. பறக்கப் பழக அவை நல்லவை, விதிகளுக்கு அவற்றைக் கேட்காதீர்கள். இந்தியாவில் 2021 ஓகஸ்டில் புது விதிகள் வந்து, நாடு முழுக்கப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அரசாங்கமே வரைபடம் போட்டது. பச்சை வலயத்தில் 400 அடி வரை அங்கே முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். அதைக் கேட்டுவிட்டு இங்கே குளக்கட்டில் ஏற்றினால் பொலிஸுக்குத்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

இங்கே ட்ரோன் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் வாசல் இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகார சபை. 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சிவில் விமானச் சட்டத்தின் கீழ் வருவது. அதன் இணையத்தளத்தில் இருந்து தொடங்குங்கள், கடைக்காரர் சொல்வதில் இருந்து அல்ல. அடையாள அட்டை, வாங்கிய பற்றுச்சீட்டு, ட்ரோனின் தொடர் இலக்கம் ஆகியவற்றின் பிரதிகளை எடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வெளிநாட்டில் இருந்து வந்தது என்றால் கட்டுநாயக்காவில் சுங்கத்துக்குச் சொல்லிக் கொண்டுவந்த பத்திரம் இருக்கிறதா என்று கொண்டுவந்தவரிடம் கேளுங்கள். ட்ரோனும் ரிமோட்டும் வானொலி அலையில் பேசுகிற கருவிகள், ஆகவே இறக்குமதியில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் வரும். பத்திரம் இல்லாத ட்ரோனைப் பாதி விலைக்குத் தருகிறோம் என்பார்கள். வாங்காதீர்கள். பிடிபடும் நாளில் விற்றவர் உங்களோடு வந்து நிற்கமாட்டார்.

அடுத்தது: அனுமதிக் கடிதம்

பதிவு வேறு, அனுமதி வேறு. வாகனத்துக்கு இலக்கத்தகடு இருக்கிறது என்பதற்காக யாருடைய வளவுக்குள்ளும் ஓட்டிக்கொண்டு போக முடியாது அல்லவா, அதைப் போல.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அதே கிழமைக்குள் நாடு முழுக்க ட்ரோன் பறப்பு இடைநிறுத்தப்பட்டது. பிறகு தளர்ந்தாலும், பாதுகாப்பு அமைச்சின் சம்மதம் என்பது இந்த வேலையில் நிரந்தரமான பகுதி ஆகிவிட்டது. எங்கே, எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில், எதற்காக என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். இடத்தைத் துல்லியமாக எழுதுங்கள். "முல்லைத்தீவு" என்று மொட்டையாக எழுதாமல் ஊர், குளம் அல்லது கோயில், அதன் அகலாங்கு நெட்டாங்கு எல்லாம் கொடுங்கள். வேலைக்குக் கிட்டத்தில் விண்ணப்பித்துவிட்டு வந்துசேரவில்லை என்று கோபப்படுவதில் பலன் இல்லை. நான் கலியாணத் திகதி குறித்த உடனேயே கேட்டுவிடுவேன், கடிதம் வராவிட்டால் அன்று மேலே இருந்து படம் இல்லை என்று வீட்டுக்காரரிடமும் அப்போதே சொல்லிவிடுவேன்.

உயரம் பற்றி ஒரு சொல். 120 மீற்றர், அதாவது 400 அடி, என்பது பல நாடுகளில் பொதுவான வரம்பு. மனிதர் ஏறிய விமானங்கள் பெரும்பாலும் அதற்கு மேலே பறப்பதால் போட்ட கோடு. உங்கள் கடிதத்தில் அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் உங்கள் வரம்பு, செயலியின் அமைப்புக்குள் போய் அதிகூடிய உயரத்தை அந்த அளவுக்குப் பூட்டி வையுங்கள். செயலியின் வேலிக்குக் காத்திருக்காமல் நீங்களே போடக்கூடிய வேலி இது. தூரத்துக்கும் அதேபோல ஒரு வரம்பு போடலாம்.

காட்டுப் பக்கமோ களப்புப் பக்கமோ என்றால் இன்னொரு கதவையும் தட்ட வேண்டும். சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயம், 2015 இல் தேசியப் பூங்கா ஆகியது. கொக்கிளாய் களப்பு, நந்திக்கடல், மடு, மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம், எல்லாம் வனஜீவராசிகள் திணைக்களத்தின் பாதுகாப்புக்குள் வருபவை. மாரியில் சுண்டிக்குளத்தில் பூநாரைகள் நிற்கும்போது மேலே இருந்து ஒரு படம் எடுக்க யாருக்கும் ஆசை வரும், எனக்கும் இருக்கிறது. ஆனால் ட்ரோன் சத்தத்துக்குக் கூட்டமாகக் கிளம்பினால், அவ்வளவு தூரம் பறந்து வந்து இரை தேடுகிற நேரம் வீணாகப் போகும். யானை நிற்கிற பக்கம் ட்ரோனைக் கொண்டே போகாதீர்கள், மிரண்ட யானை ஓடுவது அடுத்த வயலில் நிற்கிற மனிதரை நோக்கியும் இருக்கலாம்.

உங்கள் ஊருக்கு நீங்களே ஒரு வரைபடம்

புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான், நான் அதிகம் வற்புறுத்துவதும் இதைத்தான். செயலியை மூடிவிட்டு ஒரு கடதாசியை எடுங்கள். பறக்கப் போகும் இடத்தை நடுவில் போட்டு 2 கிலோமீற்றருக்கு ஒரு வட்டம் கீறுங்கள். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வட்டத்துக்குள் ஓடிப் பாருங்கள். முகாம், காவலரண், பொலிஸ் நிலையம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில், தொலைபேசிக் கோபுரம், உயர் அழுத்த மின்கம்பி, சிவப்பு மிதிவெடிப் பலகை, எது கண்ணில் பட்டாலும் கடதாசியில் குறியுங்கள். கிராம அலுவலரிடம் ஒரு தடவை போய்க் கேளுங்கள், மரங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அன்று நான் அவரிடம் ஐந்து நிமிடம் கதைத்திருந்தால் அந்தப் பிள்ளை அந்த வாங்கில் இருந்திருக்கமாட்டாள்.

இரணைமடுவிலும் வவுனியாவிலும் விமானப்படைத் தளங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கங்களில் "கொஞ்ச உயரத்துக்குத்தானே" என்ற கதையே வேண்டாம்.

மழை காலத்தில் இந்த வரைபடம் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தது. வெள்ளம் வந்தால் ஹெலிகொப்டர் வரும், அதுவும் தாழப் பறந்து வரும். உடைப்பெடுத்த குளத்தைப் படமெடுத்துப் போட வேண்டும் என்று எல்லோருக்கும் கை துடிக்கும். ட்ரோன் மேலே நிற்கிறது என்று தெரிந்தால் ஹெலிகொப்டர் இறங்காது. கூரையில் நிற்கிற குடும்பத்துக்கு அது எவ்வளவு நேரம் என்று யோசித்துப் பாருங்கள்.

வண்டு

இது எந்த நாட்டு விதியிலும் எழுதியிருக்காது.

யுத்த காலத்தில் ஆளில்லா வேவு விமானம் மேலே சுற்றும்போது வன்னியில் அதை "வண்டு" என்று சொல்வார்கள். அந்த இரைச்சல் கேட்டால் அதற்குப் பின்னால் என்ன வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்றைக்கு நம்முடைய ட்ரோன்கள் வேறு, சத்தமும் வேறு, ஆனால் மேலே இருந்து விடாமல் இரைகிற ஒன்று என்ற அளவில் உடம்புக்கு அது ஒன்றுதான்.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டில் பால் காய்ச்சுகிற நிகழ்வை எடுக்கப் போயிருந்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன், பக்கத்து வீடுகளுக்குச் சொல்லவில்லை. ட்ரோன் முப்பது மீற்றரில் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு மாமரத்துக்குக் கீழே போய்க் குந்திவிட்டார். மேலே பார்க்கவில்லை, இரண்டு கையாலும் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டிருந்தார். நான் இறக்கிவிட்டு வேலியடிக்குப் போனேன். "மோனை, உது வண்டே?" என்று கேட்டார். "இல்லை அம்மா, படம் பிடிக்கிறது" என்று ட்ரோனைக் கையில் கொடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொல்லிப்போட்டு விட்டிருக்கலாமெல்லே" என்றார்.

அன்றில் இருந்து நான் சுற்றிவர உள்ள வீடுகளுக்கு நடந்துபோய்ச் சொல்லாமல் பறக்க விடுவதில்லை. ட்ரோனைக் கையில் கொண்டுபோய்க் காட்டுவேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று சொல்லுவேன், வேண்டாம் என்று யாராவது சொன்னால் அன்று அந்த வீட்டுப் பக்கம் பறக்க விடமாட்டேன். அரை மணித்தியாலம் போகும். போகட்டும். கிணற்றடியிலும் குளத்திலும் பெண்கள் குளிக்கிற நேரம் எது என்பதும் இப்படிப் போய்க் கதைக்கும்போதுதான் தெரியவரும், அந்த நேரத்தில் அந்தப் பக்கம் கமெராவைத் திருப்பவே கூடாது.

இடத்தில் நின்று செய்ய வேண்டியவை

மென்பொருள் அப்டேட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள், குளக்கட்டில் நின்று செய்தால் பாதியில் சிக்னல் போய்விடும். பனைக்குக் கீழேயும் தகரக் கூரைக்குப் பக்கத்திலும் நின்று ஏற்றாதீர்கள். வெளியான இடத்தில் வைத்து, போதிய செய்மதிகள் கிடைத்து, வீட்டுப் புள்ளி பதிந்துவிட்டது என்று செயலி சொல்லும் வரை பொறுங்கள். இதில் அவசரப்பட்டுத்தான் பல ட்ரோன்கள் தொலைகின்றன. தொடர்பு அறுந்தால் அது திரும்பி வருவது அந்தப் புள்ளிக்கு.

திரும்பி வரும் உயரத்தைக் கட்டாயம் மாற்றுங்கள். பனை 30 மீற்றர் வரை வளரும், தொடர்பு அறுந்த ட்ரோன் 20 மீற்றரில் நேர்கோட்டில் வந்தால் வட்டுக்குள் போய்ச் சொருகும். என் வழக்கம் 60 மீற்றர், வட்டத்துக்குள் கோபுரம் இருந்தால் அதைவிட 20 மீற்றர் கூட, கடிதத்தில் உள்ள வரம்பு அதற்கு இடம்கொடுத்தால். இடம்கொடுக்காவிட்டால் கோபுரம் இல்லாத பக்கத்தில் போய் நின்று எடுப்பேன்.

காற்று. சோளகம் அடிக்கிற மாதங்களில் குளத்துக்கு மேலே காற்றோடு போகும்போது ட்ரோன் வழுக்கிக்கொண்டு போகும், பற்றரியும் இறங்காது. திரும்பும்போது எதிர்க்காற்று, போனதைப் போல இரண்டு மடங்கு பற்றரி கேட்கும். ஆகவே முதலில் எதிர்க்காற்றில் போய், காற்றோடு திரும்புங்கள். 35 வீதத்தில் திரும்பிவிட வேண்டும் என்பது என் கணக்கு. தண்ணீருக்கு மேல் ஓரிரு மீற்றரில் தாழப் பறந்தால் அடியில் உள்ள சென்சர்கள் குழம்பும், அழகாக இருக்கிறது என்று இறக்கிக் குளத்துக்குள் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ட்ரோனை எப்போதும் கண்ணால் காணக்கூடிய தூரத்தில் வைத்திருங்கள். திரையில் தெரிகிறது என்பது காண்பது ஆகாது. நியூயோர்க்கிலும் லொஸ் ஏஞ்சலஸிலும் நடந்த இரண்டிலும் ட்ரோன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில்தான் இருந்தது. காதுக்கு ஒன்றும் மாட்டாதீர்கள், ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் எங்கே என்று தேடிக்கொண்டு நிற்காமல் உடனே கீழே இறக்குங்கள். பக்கத்தில் விமானம் வந்தால் சொல்லும் வசதி சில ட்ரோன்களில் இருக்கிறது, ஆனால் அந்த விமானம் தன் இடத்தை ஒலிபரப்பினால்தான் அது வேலை செய்யும்.

திருவிழாக்களில், வற்றாப்பளைப் பொங்கல் போலச் சனம் திரளும் இடங்களில், கூட்டத்தின் தலைக்கு மேலே விடாதீர்கள். ஒரு விசிறி கழன்றால் போதும். அனுமதி இருந்தாலும் ஓரத்தில் வெறுமையான இடத்துக்கு மேலே நின்று சரிவாக எடுக்கலாம், படமும் அப்படித்தான் நன்றாக வரும்.

விழுந்தால்

ட்ரோன் காட்டுக்குள்ளோ பற்றைக்குள்ளோ விழுந்தால் முதல் செய்ய வேண்டியது, நின்ற இடத்திலேயே நிற்பது. கடைசியாகக் காட்டிய இடத்தைத் திரையில் படமெடுத்து வையுங்கள். பிறகு உங்கள் கடதாசி வரைபடத்தைப் பாருங்கள். முகமாலை போன்ற பகுதிகளில் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் எத்தனையோ வருடமாக முழந்தாளில் இருந்து அங்குலம் அங்குலமாக நிலத்தைத் துப்புரவாக்குகிறார்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால், அல்லது அந்தக் காணி துப்புரவாக்கப்பட்டதா என்று ஊரவர்களுக்கே சந்தேகம் என்றால், உள்ளே கால் வைக்காதீர்கள். ட்ரோன் எத்தனை இலட்சம் என்றாலும் போகட்டும். கிராம அலுவலரிடமும் பொலிஸிலும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

முகாம் வளவுக்குள் விழுந்தால் வேலியால் ஏறிக் குதிக்காமல், அனுமதிக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு முன் வாசலுக்குப் போய்ச் சொல்லுங்கள். ஒளித்துப் போனால் விபத்து என்று யாரும் நம்பமாட்டார்கள். வைக்கோல் போருக்குள்ளோ காய்ந்த புல்லிலோ விழுந்தால் மட்டும் அதை நோக்கி உடனே ஓட வேண்டும், நசிந்த லித்தியம் பற்றரி கொஞ்ச நேரம் கழித்தும் தீப்பிடிக்கும். அடிபட்ட பற்றரியை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம், வெளியில் மண் நிரப்பிய வாளிக்குள் வையுங்கள்.

எல்லாம் முடிந்து இறங்கிய பிறகு ஒரு கொப்பியில் திகதி, இடம், ஏறின நேரம், இறங்கின நேரம், போன அதிகூடிய உயரம், யாருக்குச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து யாராவது "அன்றைக்குப் பறந்தது நீங்கள்தானா?" என்று கேட்டு வந்தால் அந்தக் கொப்பியை எடுத்துக் காட்டலாம். கொப்பியின் முதல் பக்கத்தில் அனுமதி முடிகிற திகதியைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், அடுத்த விண்ணப்பம் அதற்கு ஒரு மாதம் முந்தியே போக வேண்டும்.